ஒரே பண்ணை, இரண்டு குடும்பங்கள், ஒரு பள்ளி: முனெமிட்சு வீட்டுப் பிள்ளைகளின் பள்ளி ஆவணங்களை முன்வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டியில் வெஸ்ட்மின்ஸ்டர் என்றொரு ஊர். 1940களில் அது வயல்வெளி. அங்கே 40 ஏக்கர் பண்ணை ஒன்றில் பத்தாண்டுக்குள் இரண்டு குடும்பங்கள் வாழ்ந்தன. நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் ஜப்பானிலிருந்து குடியேறிய முனெமிட்சு குடும்பத்தார். போர்க்காலத்தில் அதைக் குத்தகைக்கு எடுத்தவர்கள் மென்டெஸ் குடும்பத்தார். இரண்டு வீட்டுப் பிள்ளைகளுக்கும் முகவரி ஒன்றுதான். அருகிலிருந்த நல்ல அரசுப் பள்ளியும் ஒன்றுதான், பதினேழாம் தெருப் பள்ளி. முனெமிட்சு வீட்டு இரட்டைச் சிறுமிகள் அக்கியும் கசுக்கோவும் அங்கே வெள்ளைக்காரப் பிள்ளைகளோடு படித்தார்கள். மென்டெஸ் வீட்டுப் பிள்ளைகளுக்கு அதே பள்ளியில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அன்றைய கலிபோர்னியச் சட்டத்தைப் படித்தவர்கள் இதற்கு நேர்மாறானதைத்தான் எதிர்பார்ப்பார்கள். ஜப்பானியப் பெற்றோரின் பிள்ளைகளுக்குத் தனிப்பள்ளி வைக்கலாம் என்று சட்டம் பெயர் சொல்லி அனுமதித்தது. மெக்சிகோ வழிப் பிள்ளைகளைப் பற்றி அது வாயே திறக்கவில்லை. ஒதுக்கலாம் என்று சட்டம் சொன்னவர்கள் உள்ளே இருந்தார்கள், சட்டம் பேசாமல் விட்டவர்கள் வெளியே நின்றார்கள். இந்த முரண் பள்ளி ஆவணங்களில் எப்படிப் பதிவானது, எங்கே பதிவாகாமல் போனது என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி. சேர்க்கைப் பதிவேடு ஒரு குழந்தையைப் பற்றிச் சொல்வதைவிட, பள்ளி வாசலில் பேனாவோடு உட்கார்ந்திருந்தவரைப் பற்றியே அதிகம் சொல்கிறது என்பது என் முடிவு. அதற்கான காரணங்களைக் கீழே தருகிறேன்.

நிலம் யார் பெயரில்

குடும்பத் தலைவர் சேய்மா முனெமிட்சு ஜப்பானில் பிறந்தவர். அவரால் அமெரிக்கக் குடிமகனாக முடியாது. அன்றைய கூட்டாட்சிச் சட்டத்தின்படி ஆசியாவில் பிறந்தவர்களுக்கு அந்தத் தகுதி கிடையாது. கலிபோர்னியா இதையே பிடித்துக்கொண்டு 1913இல் ஒரு நிலச் சட்டம் கொண்டுவந்தது. குடியுரிமை பெறத் தகுதியற்ற அயலார் விவசாய நிலம் வாங்கக் கூடாது. ஜப்பானியர் என்ற சொல் அதில் இல்லை, ஆனால் யாருக்காகப் போட்ட சட்டம் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. 1920இல் குத்தகை வழியையும் அடைத்தார்கள்.

மிஞ்சியது ஒரே சந்து. அமெரிக்க மண்ணில் பிறந்த குழந்தை பிறப்பாலேயே குடிமகன், ஆகவே அதன் பெயரில் நிலம் வாங்கலாம். முனெமிட்சு பண்ணை மூத்த மகன் சேய்கோவின் பெயரில் இருந்தது. இது அன்று விவசாயக் குடும்பங்களில் பரவலாக நடந்ததுதான். கலிபோர்னியாவின் சான் டியேகோ பக்கம் ஓயாமா என்பவர் 1934இல் தம் மகன் பெயரில் 6 ஏக்கர் வாங்கியபோது பையனுக்கு வயது ஆறு. அந்த நிலத்தை அரசு பறிக்கப் பார்த்து, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது.

பள்ளி ஆவணங்களைப் படிக்கிறவர்கள் இந்த நிலக் கதையை ஒதுக்கிவிடக் கூடாது. தந்தையின் தொழில் விவசாயி என்று ஒரு படிவத்தில் கண்டால், நிலம் அவருடையது என்று எண்ணிக்கொள்வோம். இந்தக் குடும்பங்களில் உழுதவர் தந்தை, பட்டாவில் இருந்த பெயர் பிள்ளையுடையது. பதிவுத்துறைப் பத்திரத்தையும் பள்ளிப் பதிவையும் அருகருகே வைத்தால்தான் வீட்டின் உண்மையான நிலவரம் தெரியும்.

சட்டம் ஒன்று, வாசல் ஒன்று

கலிபோர்னியாவில் ஆசியப் பிள்ளைகளைத் தனியே வைக்கும் வழக்கத்துக்கு 1940களில் அறுபது வயது. 1885இல் சீனப் பெற்றோரின் மகளைப் பள்ளியில் சேர்க்கத்தான் வேண்டும் என்று மாநில உச்ச நீதிமன்றம் டேப் வழக்கில் தீர்ப்பளித்தது. உடனே சட்டமன்றம் தனிப்பள்ளி வைத்துக்கொள்ள வழிசெய்து சட்டத்தைத் திருத்தியது. 1906 அக்டோபரில் சான்பிரான்சிஸ்கோ கல்வி வாரியம் ஜப்பானிய மாணவர்களைக் கீழைத்தேயப் பள்ளிக்குப் போகச் சொன்னது. மொத்தமே 93 பேர்தான். ஆனால் டோக்கியோ கொதித்து, குடியரசுத் தலைவர் தியடோர் ரூஸ்வெல்ட் தலையிட்டு, ஜப்பானியத் தொழிலாளர் வருகையை நிறுத்தும் கனவான்கள் ஒப்பந்தத்தில் போய் அது முடிந்தது. ஒரு நகரத்தின் வகுப்பறை ஏற்பாடு இரண்டு நாடுகளின் குடியேற்றக் கொள்கையை மாற்றிவிட்டது.

1921இல் ஜப்பானியர் என்ற சொல்லையே சட்டத்தில் சேர்த்தார்கள். சாக்ரமென்டோ ஆற்று வடிநிலத்தில் வால்நட் குரோவ், கோர்ட்லேண்ட், ஐல்டன், அதையொட்டிய ஃபுளோரின் ஆகிய ஊர்களில் தனிப்பள்ளிகள் நடந்தன. எல்லாம் விவசாய ஊர்கள். ஃபுளோரின் ஸ்ட்ராபெர்ரிக்கும் திராட்சைக்கும் பேர்போனது. அங்கே ஒரு ஜப்பானிய விவசாயியின் பிள்ளை எந்தப் பள்ளியில் படித்தது என்று ஆவணத்தைத் தேடிப் பார்க்க வேண்டியதே இல்லை.

வெஸ்ட்மின்ஸ்டரில் அப்படி நடக்கவில்லை. தாராள மனம் காரணம் என்று நான் நினைக்கவில்லை. தனிப்பள்ளி வைக்கக் கட்டடமும் ஆசிரியரும் வேண்டும். விரல்விட்டு எண்ணக்கூடிய ஜப்பானியப் பிள்ளைகளுக்காக எந்த வாரியமும் அந்தச் செலவைச் செய்யாது. ஆற்று வடிநில ஊர்களில் எண்ணிக்கை இருந்தது, பள்ளி வந்தது. வெஸ்ட்மின்ஸ்டரில் எண்ணிக்கை இருந்தது மெக்சிகோ வழிக் குடும்பங்களுக்கு, அதனால் அவர்களுக்கென்று ஹூவர் பள்ளி வந்தது. மாட்டுப் பண்ணைக்குப் பக்கத்தில், இரண்டு அறையில், மின்வேலி ஓரமாக. கூடவே இன்னொரு கணக்கும் உண்டு. கலிபோர்னியாவில் பள்ளிக்கு வரும் மாநிலப் பணம் மாணவரின் சராசரி தினசரி வருகையைப் பொறுத்தது. பதிவேட்டில் ஒரு பெயர் என்றால் அதற்கு ஒரு தொகை. சேர்த்துக்கொண்ட பிள்ளையைக் கவனமாகக் கணக்கெழுதப் பள்ளிக்குப் பணத்தேவையே போதுமான காரணமாக இருந்தது.

1942 மே: பதிவேடு அறுந்த இடம்

1942க்கு முந்தைய ஆவணங்கள் எளிமையானவை. சேர்க்கைப் பதிவு, தினசரி வருகைப் பதிவேடு, மதிப்பெண் அட்டை. அவற்றுக்குத் துணையாக 1940ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்கள் உண்டு. அந்த ஆண்டு மார்ச் 1க்குப் பிறகு பள்ளி சென்றாரா, எந்த வகுப்பு வரை முடித்தார் என்று ஒவ்வொருவரையும் கேட்டார்கள். எழுபத்திரண்டு ஆண்டுக் காத்திருப்புக்குப் பிறகு 2012 ஏப்ரலில் அவை பொதுப் பார்வைக்கு வந்தன. இனத்துக்கான கட்டத்தில் ஜப்பானியருக்குத் தனிக் குறி. மெக்சிகோ வழியினரை 1930இல் தனி இனமாக எண்ணிய கணக்கெடுப்புத் துறை, எதிர்ப்பு வந்ததால் 1940இல் அவர்களை வெள்ளையர் என்றே எழுதச் சொல்லிவிட்டது. கணக்கெடுப்பாளரின் தாளில் மென்டெஸ் போன்ற குடும்பம் வெள்ளை. பள்ளி வாசலில் அது செல்லவில்லை.

பேர்ல் துறைமுகத் தாக்குதலுக்குப் பிறகு, 1942 பிப்ரவரி 19இல் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 9066ஆம் எண் ஆணையில் கையெழுத்திட்டார். மேற்குக் கரையிலிருந்து சுமார் 1,20,000 பேரை அப்புறப்படுத்தினார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்காவில் பிறந்த குடிமக்கள். ஆரஞ்சு கவுண்டிக்காரர்களின் முறை மே மாதம் வந்தது, கல்வி ஆண்டு முடிய இன்னும் சில வாரங்கள் இருந்தன. முனெமிட்சு வீட்டில் தந்தையைத் தனியே கைது செய்து பிரித்து வைத்தார்கள். தாயும் பிள்ளைகளும் அரிசோனாவின் போஸ்டன் (Poston) முகாமுக்குப் போனார்கள்.

இப்படிப் போன பிள்ளைகளின் பதிவேட்டு வரிகளைப் படிக்கத் தனிப் பழக்கம் வேண்டும். சாதாரணமாக ஒரு பிள்ளை பள்ளியை விட்டால் அது ஒரு குடும்பத்தின் கதை, அப்பாவுக்கு வேலை மாற்றம், யாருக்கோ உடம்பு சரியில்லை. 1942 வசந்தத்தில் ஒரே வாரத்தில் ஜப்பானியப் பெயர்கள் எல்லாம் சேர்ந்தாற்போல் நிற்கும். காரணம் எழுதும் கட்டத்தில் இடம்பெயர்ந்தார் என்று இருந்தாலும், ஒன்றும் இல்லாமலே இருந்தாலும், பக்கத்துப் பெயர்களோடு சேர்த்துப் பார்த்தால்தான் அது ராணுவ உத்தரவு என்று புரியும். ஒரு பிள்ளையின் அட்டையை மட்டும் நகலெடுத்துக்கொண்டு வருகிறவர் இதைத் தவறவிடுவார். முழுப் பக்கத்தையும் பார்க்க வேண்டும்.

போஸ்டனில் சேர்ந்த கோப்பு

போஸ்டன் கொலராடோ ஆற்றுப் பழங்குடியினரின் ஒதுக்குநிலத்தில், பழங்குடி மன்றத்தின் மறுப்பையும் மீறி எழுந்த முகாம். மூன்று பிரிவுகள். பாலைவன வெயிலுக்கும் புழுதிக்கும் ஏற்ப உள்ளே இருந்தவர்கள் அவற்றுக்கு ரோஸ்டன், டோஸ்டன், டஸ்டின் என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். உச்சத்தில் 17,000 பேருக்கு மேல் இருந்தார்கள். முதல் ஆண்டு வகுப்புகள் தார்த்தாள் போர்த்திய படைவீரர் கொட்டகைகளில் நடந்தன. பிறகு உள்ளே இருந்தவர்களே மண்ணைக் குழைத்து, செங்கல் அறுத்து, வெயிலில் காயவைத்துப் பள்ளிக் கட்டடங்களை எழுப்பினார்கள். அவற்றில் சில இன்றும் நிற்கின்றன. பாடத்திட்டத்துக்கு ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் பால் ஹன்னாவின் குழு ஆலோசனை தந்தது. பள்ளியும் சமூகமும் ஒன்று, பிள்ளைகள் ஜனநாயகத்தைப் பழக வேண்டும் என்பது அதன் சாரம். முள்கம்பிக்கு உள்ளே இதை எப்படி நடத்தினார்களோ என்று எனக்கு இன்றும் வியப்புதான். வெளியிலிருந்து வந்த ஆசிரியருக்கு முழு அரசுச் சம்பளம். அதே வேலையைச் செய்த முகாம்வாசிக்கு உச்ச வரம்பு மாதம் 19 டாலர்.

ஆவணக் கோணத்தில் பார்த்தால் முகாம் ஒரு பெரிய எழுத்து இயந்திரம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் எண், அந்த எண்ணோடு ஆளுக்கொரு எழுத்து. 1942இல் போர்க்கால இடமாற்ற ஆணையம் 26ஆம் எண் படிவத்தில் ஒவ்வொருவரையும் பதிந்து, துளை அட்டைகளில் ஏற்றியது. 1,09,000க்கும் மேற்பட்ட பதிவுகள் இன்று கணினிக் கோப்பாகத் தேசிய ஆவணக்காப்பகத்தில் கிடைக்கின்றன. படித்த வகுப்பு, பேசும் மொழி, ஜப்பானில் இருந்த காலம், சமயம், பெற்றோரின் தொழில் எல்லாம் குறியீடுகளாக இருக்கின்றன. ஒரு குறியீட்டைப் பார்த்தால் போதும், கேட்டவர்களின் மனம் தெரிந்துவிடும். அயலார் பதிவு எண் இருக்கிறதா, சமூகப் பாதுகாப்பு எண் இருக்கிறதா, ஜப்பானிய மொழிப் பள்ளிக்குப் போனாரா என்ற மூன்றையும் ஒரே கட்டத்தில் அடைத்திருக்கிறார்கள். பள்ளி விட்டபின் ஒரு சிறுமி தாத்தா பாட்டியின் எழுத்தைப் படிக்கப் போனது, அயலார் பதிவோடு ஒட்டிய சங்கதியாகிவிட்டது.

இதற்கு மேல் தனிநபர் கோப்புகளும் உண்டு. தேசிய ஆவணக்காப்பகத்தின் 210ஆம் பதிவுத் தொகுதியில் அவை இருக்கின்றன. பள்ளி மதிப்பெண்கள், மருத்துவக் குறிப்புகள், வேலை, முகாமைவிட்டு வெளியேற அனுமதி கேட்ட தாள்கள் எல்லாம் ஒரே உறையில் சேர்ந்திருக்கும். சாதாரணப் பள்ளியில் ஒரு குழந்தையின் மதிப்பெண்ணும் மருத்துவக் குறிப்பும் தந்தை அமெரிக்காவுக்கு விசுவாசமானவரா என்ற விசாரணையும் ஒரே கோப்பில் ஒருநாளும் சேராது. சிறை வைத்த அரசுக்குத்தான் அப்படிச் சேர்த்து வைக்கும் தேவை இருக்கும். ஆகவே, குடும்ப வரலாறு தேடும் மூன்றாம் தலைமுறை ஜப்பானிய அமெரிக்கர்களுக்கு அதிகம் கிடைப்பது போஸ்டன் ஆண்டுகளைப் பற்றித்தான், வெஸ்ட்மின்ஸ்டர் ஆண்டுகளைப் பற்றி அல்ல.

பெயர் ஏறாத பிள்ளைகள்

குடும்பம் முகாமுக்குப் போனபோது பண்ணையைக் கவனிக்க ஆள் வேண்டியிருந்தது. அவர்களுக்குத் தெரிந்த வங்கியாளர் ஒருவர் வழியாக, சான்டா ஆனாவில் சிற்றுண்டிக் கடை நடத்திவந்த கொன்சாலோ மென்டெஸ் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தார். சொந்தமாக ஒரு பண்ணை நடத்த வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. போரில் எத்தனையோ ஜப்பானியக் குடும்பங்கள் நிலத்தை அடிமாட்டு விலைக்கு விற்றன, அல்லது திரும்பி வந்தபோது நிலம் கைமாறியிருந்தது. முனெமிட்சு குடும்பத்துக்கு அப்படி நேரவில்லை.

கொன்சாலோ மெக்சிகோவில் பிறந்து அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர். மனைவி ஃபெலிசிட்டாஸ் புவர்ட்டோ ரிக்கோக்காரர், அவரும் அமெரிக்கக் குடிமகள். பிள்ளைகள் சில்வியா, கொன்சாலோ, ஜெரோம். பள்ளியில் சேர்க்க அவர்களை அழைத்துப் போனது அத்தை சோலெடாட் விதாவுரி. அவருடைய சொந்தப் பிள்ளைகளும் கூடப் போனார்கள். விதாவுரி பிள்ளைகளுக்கு வெளிர் நிறம், குடும்பப்பெயரும் பிரெஞ்சுக்காரர் பெயர்போல ஒலித்தது. அவர்களைச் சேர்த்துக்கொண்டார்கள். கறுத்த நிறமும் மென்டெஸ் என்ற பெயரும் கொண்டவர்களை ஹூவர் பள்ளிக்குப் போகச் சொன்னார்கள். அத்தை தன் பிள்ளைகளையும் கையோடு திருப்பி அழைத்து வந்துவிட்டார்.

அந்தக் காலை நேரம் எந்தப் பள்ளிப் பதிவேட்டிலும் இருக்க வாய்ப்பில்லை. சேர்க்கைப் பதிவேடு சேர்ந்தவர்களுக்கானது. வாசலில் திருப்பி அனுப்பியதை எழுத அதில் கட்டம் கிடையாது, மறுத்தவர்களுக்கு எழுதிவைக்கும் அவசியமும் கிடையாது. முள்கம்பிக்குள் இருந்த அக்கிக்குக் கோப்பு தடித்துக்கொண்டே போனது. அவளுடைய வீட்டில், அவளுடைய வயலருகே, அவளுடைய பள்ளி வாசலில் நின்ற சில்வியாவுக்கு ஒரு வரிகூட இல்லை. ஆவணம் நிறைய இருக்கும் இடத்தில்தான் அநியாயமும் நிறைய நடந்தது என்று முடிவு கட்டுவது இந்தத் துறையில் எளிதாக நேரும் பிழை. ஆவணமே இல்லாத இடத்தையும் சந்தேகப்பட வேண்டும்.

சில்வியாவின் மறுப்பு ஆவணமானது வழக்கால்தான். கொன்சாலோ முதலில் தலைமையாசிரியரிடமும் பிறகு வாரியத்திடமும் முறையிட்டார். நடக்கவில்லை. 1945 மார்ச் 2இல் அவரும் வேறு நான்கு தந்தையரும் சுமார் 5,000 பிள்ளைகளின் சார்பில் வெஸ்ட்மின்ஸ்டர், கார்டன் குரோவ், சான்டா ஆனா, எல் மொடீனா ஆகிய நான்கு பள்ளி மாவட்டங்கள்மீது கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். வழக்கறிஞர் டேவிட் மார்கஸ். பண்ணை வருமானம் வழக்குச் செலவுக்குப் போனது. விசாரணையில் இரு தரப்பும் இனப் பாகுபாடு என்ற பேச்சை விலக்கிக்கொண்டன, சட்டப்படி மெக்சிகோ வழியினர் வெள்ளையர்தானே. பள்ளி நிர்வாகங்களின் சாக்கு மொழி: இந்தப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் தெரியாது. மார்கஸ் ஒரு மாணவியைக் கூண்டில் ஏற்றினார், அவள் ஆங்கிலத்தில் சரளமாகச் சாட்சி சொன்னாள்.

பிள்ளைகளுக்கு மொழித் தேர்வு வைத்த லட்சணத்தை நீதிபதி பால் மக்கார்மிக் தீர்ப்பில் எழுதியிருக்கிறார். அவசரமான, மேலோட்டமான, நம்பத்தகாத முறை என்கிறார். சில இடங்களில் பிள்ளையின் லத்தீன் சாயல் கொண்ட பெயரை வைத்தே பிரித்திருக்கிறார்கள் என்கிறார். எல் மொடீனாவில் இரண்டு பள்ளிகளும் ஒரே வளாகத்தில் 120 கஜ தூரத்தில் இருந்தன. தூரமோ இடநெருக்கடியோ காரணம் என்று சொல்ல அங்கே வழியே இல்லை. 1946 பிப்ரவரி 18இல் தீர்ப்பு பெற்றோர் பக்கம் வந்தது. ஒரு பள்ளி அலுவலகத்தில் பெயரைக் கேட்டும் முகத்தைப் பார்த்தும் வாய்மொழியாக எடுத்த முடிவுகள் அப்படித்தான் தாளுக்கு வந்தன.

திரும்பி வந்தவர்கள்

1945 ஜனவரியிலிருந்து மேற்குக் கரைக்குத் திரும்பலாம் என்று ஆனது. முகாம் பள்ளிகளை அந்த ஜூனோடு மூடினார்கள். முனெமிட்சு குடும்பம் வந்தபோது குத்தகைக் காலம் முடியவில்லை. யாரும் யாரையும் வெளியேற்றவில்லை. பண்ணையாட்களுக்கான சிறு வீடுகளில் முனெமிட்சு குடும்பம் தங்கிக்கொள்ள, இரண்டு குடும்பமும் அறுவடையைப் பகிர்ந்துகொண்டு சில காலம் ஒன்றாகவே வாழ்ந்தன. இரு வீட்டுப் பெண் பிள்ளைகளும் சேர்ந்து விளையாடினார்கள். 1946இல் மென்டெஸ் குடும்பம் சான்டா ஆனாவுக்குத் திரும்பியது. இதெல்லாம் அவர்கள் பின்னாளில் சொன்ன நினைவுகளால் நமக்குத் தெரிகிறது. பள்ளிக் கோப்பில் இதற்கு இடம் ஏது.

பள்ளி மாவட்டங்கள் மேல்முறையீடு செய்தன. கறுப்பினத்தவரின் உரிமை அமைப்பான வண்ண மக்கள் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கம் அதன் வழக்கறிஞர் தர்குட் மார்ஷலின் பெயரோடு நீதிமன்றத்துக்கு உதவும் மனு தந்தது. அப்படி ஆதரித்த அமைப்புகளில் ஜப்பானிய அமெரிக்கக் குடிமக்கள் சங்கமும் ஒன்று. அவர்களுக்கு அதில் சொந்தக் காரணம் இருந்தது. 1947 ஏப்ரல் 14இல் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை உறுதிசெய்தது, ஆனால் குறுகலான வாதத்தில் நின்றது. தனிப்பள்ளிக்கு மாநிலச் சட்டம் தந்த பட்டியலில் சில பழங்குடியினர், சீனர், ஜப்பானியர், மங்கோலிய வழியினர் மட்டுமே உண்டு. மெக்சிகோ வழியினர் அதில் இல்லை, ஆகவே அதிகாரிகள் சட்டமில்லாமல் செயல்பட்டார்கள். மென்டெஸ் பிள்ளைகளின் வெற்றி முனெமிட்சு பிள்ளைகளின் இனத்தைப் பெயர் சொல்லி வைத்திருந்த பட்டியலின்மேல் நின்றது. பட்டியல் அப்படியே இருந்தால் அடுத்து எந்த ஊர் வாரியமும் அதைக் கையில் எடுக்கலாம்.

இரண்டு மாதம் கழித்து, 1947 ஜூனில், அந்தப் பிரிவுகளைச் சட்டமன்றம் நீக்கியது. கையெழுத்திட்டவர் ஆளுநர் ஏர்ல் வாரன். 1942இல் மாநிலத் தலைமை வழக்கறிஞராக இருந்து, ஜப்பானியரை அப்புறப்படுத்தியே ஆக வேண்டும் என்று வாதிட்டவரும் அவரே. ஏழு ஆண்டு கழித்து, 1954இல், பிரவுன் வழக்கில் பள்ளிப் பிரிவினைக்கு எதிரான உச்ச நீதிமன்றத்தின் ஒருமனதான தீர்ப்பை எழுதியவரும் அவர்தான்.

நிலச் சட்டம் அதற்குப் பிறகும் ஏட்டில் இருந்தது. ஆறு வயதில் நிலக்காரனான ஓயாமாவின் வழக்கில் 1948 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் பையனின் பக்கம் நின்றது, ஆனால் சட்டத்தை முழுதாக அடிக்கவில்லை. அதை அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் சொன்னது 1952இல். ஜப்பானில் பிறந்த பெற்றோர் குடியுரிமை கேட்டு விண்ணப்பிக்கச் சட்டம் இடம் தந்ததும் அதே ஆண்டில்தான்.